அக்காவுக்குப் புது லென்ஸ்

சின்ன துரை சீமைக்குத் திரும்பும்போது பங்களாச் சாமான்களைத் தோட்டத்து ஆட்களுக்கு வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணிமார் கட்டில், மேசை, ரேடியோ என்று உருப்படியான சாமான்களாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். பேக்டரியில் தேயிலை காய வைக்கிற டிரையரைப் பார்க்கிற காளிமுத்து மட்டும், தேயிலைத் தூசி படிந்த கால்சட்டையோடு போய், ஒரு காமிராவை வாங்கிக்கொண்டு வந்தான். இதில் படம் எடுக்க முடியாது என்று துரையே சொல்லித்தான் கொடுத்தார். அதைக் கேட்டுக்கொண்டேதான் வாங்கினான். ஒன்றின் மேல் ஆசை வைத்துவிட்டால் அவனுக்குக் காது கேட்காது.

காமிரா நல்ல காமிராதான். கெட்டுப்போயிருந்தது அதன் லென்ஸ். மலை ஈரத்தில் உள்ளே பூஞ்சை பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக வேர் விட்டிருந்தது. மலேசியாவின் கேமரன் மலையில் இது அதிசயமில்லை. அங்கே உப்பு டின்னுக்குள்ளேயே தண்ணீராகிவிடும். மூன்று தீக்குச்சி கிழித்தால் ஒன்று பற்றும். கல்யாணத்துக்கு வாங்கிய தோல் செருப்பைக் கட்டிலடியில் மறந்துவிட்டால் அடுத்த மாதம் பச்சைப் பாசியோடு வெளியே வரும்.

"கண்ணு தெரியாத காமிராவ எதுக்குங்க தூக்கிக்கிட்டு வந்தீங்க?" என்றாள் அவன் மனைவி நீலாவதி.

"கண்ணு அப்புறம் வாங்கிக்கலாம்லா. உடம்பு கெடைக்கிறதுதான் கஷ்டம்."

"பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சலில்ல."

இது எழுபத்தொன்றாம் வருஷம். அவனுக்கு அப்போது இருபத்தாறு வயது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வரை படித்தவன். பிலிம் இல்லாமலே அந்தப் பூஞ்சை லென்ஸை மாட்டிக்கொண்டு, வரிசை வீடுகளான லயத்து வாசலில் நின்று, கோழி, சைக்கிள், துணி காயப்போடும் பொம்பளைகள் என்று எல்லாவற்றையும் 'எடுத்துக்கொண்டே' இருந்தான். பிள்ளைகள் பல்லைக் காட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். உள்ளே பிலிம் இல்லை என்பது தெரிந்தும் நிற்பார்கள். துரை கொடுத்த பெட்டியில் வெளிச்சத்தை அளக்கிற சின்னக் கருவி ஒன்றும் இருந்தது. அதன் முள் எங்கே நிற்கிறதோ அதைப் பார்த்து எந்த எண்ணை வைக்க வேண்டும் என்பதைப் பள்ளிக்கூட வாத்தியார் பசுபதியிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டான்.

இந்தக் கிறுக்கு இரண்டு மாதத்தில் அடங்கியிருக்க வேண்டியது. அடங்காமல் போனது அவன் அக்கா தங்கம்மாவால்.

தங்கம்மா அவனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். கைப்பிள்ளையாக இந்தியாவிலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலில் வந்தவள். காளிமுத்து இங்கே தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவன். அம்மா செத்தபோது அவனுக்கு மூன்று வயது. அப்பா குடித்தே போய்ச் சேர்ந்தார். அக்காதான் அவனை வளர்த்தாள். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய், ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போவாள். அவன் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை கல்யாணமே வேண்டாம் என்று நின்றாள். கிராணி வீட்டு அம்மா கழித்துக் கொடுத்த சேலைகளையே உடுத்தி, அவனுக்கு மட்டும் தீபாவளிக்குத் தீபாவளி புதுச் சட்டை எடுத்தாள். பிறகு கவ்வாத்து வெட்டுகிற கருப்பையாவைக் கட்டி, ஜெயா என்று ஒரே ஒரு பெண்ணைப் பெற்றாள். அக்கா வீடும் தம்பி வீடும் ஒரே லயத்தில், நடுவில் ஒரு சுவர்தான்.

ஆனால் அடையாளக் கார்டு மட்டும் வேறு வேறு. தம்பிக்கு நீலம். அக்காவுக்கும் அவள் புருஷனுக்கும் சிவப்பு. சிவப்புக் கார்டு என்றால் இந்த நாட்டுக் குடிமகன் இல்லை. நீலத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லி ஒரு காலத்தில் யூனியன்காரர்கள் வீடு வீடாக வந்து தொண்டை வறளக் கத்தினார்கள். "நாம எங்க போயிடப் போறோம்? இதுக்கு ஒரு நாள் வேலையக் கெடுத்துக்கிட்டுத் தானா ராத்தா டவுன் ஆபீசுல போய் நிக்கணுமா?" என்று கருப்பையா பாயை விரித்துப் படுத்துவிட்டான். அவன் மட்டுமில்லை, பாதித் தோட்டம் அப்படித்தான் படுத்தது. பிறகு சிவப்புக் கார்டுக்காரர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தது. இரண்டு முறை பெர்மிட் கிடைத்தது. மூன்றாம் முறை கிடைக்கவில்லை.

இந்தியாவுக்குப் போக வேண்டியதுதான் என்று ஆகிவிட்டது. முசிறிப் பக்கம் கருப்பையாவின் அண்ணன் இருந்தார். அந்த ஊரைத் தங்கம்மா கண்ணால் பார்த்ததில்லை. கப்பல் அடுத்த வருஷம் பங்குனியில்.

"தம்பி, எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யணும்டா," என்றாள் தங்கம்மா. "இந்த லயத்து வாசல்ல நாம எல்லாரும் நிக்கிற மாதிரி ஒரு போட்டோ வேணும். அங்க போய் மாட்டி வச்சுக்கிறேன். நான் எங்க இருந்தேன்னு யாரு கேட்டாலும் காட்டணும்ல."

"தானா ராத்தா ஸ்டூடியோக்காரர வரச் சொல்லலாமே அண்ணி," என்றாள் நீலாவதி.

"அவன் எடுத்த பாஸ்போர்ட்டு படத்தப் பாத்தியா? கோழி திருடுனவ மாதிரி இருக்கேன். என் தம்பி காமிரா வச்சிருக்கான். ஊரான் எடுத்த படம் எனக்கு எதுக்கு?"

அக்கா வாய் திறந்து கேட்ட முதல் சாமான் அது. அன்றிலிருந்து காளிமுத்துவுக்கு அந்தப் போட்டோவைத் தவிர வேறு நினைப்பில்லை. காமிராவுக்கு ஒரு லென்ஸ் வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் அவனைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை.

பசுபதி வாத்தியாரிடம் ஒரு பழைய லென்ஸ் இருந்தது. அதே திருகு, அதே அளவு. அவருக்குத் தைப்பிங் பக்கம் மாற்றலாகியிருந்தது. போகுமுன் விற்றுவிட நினைத்தார். ஐம்பது வெள்ளி கேட்டார். ஈப்போவில் ஒரு சீனர் கடையில் புதுசு இருந்தது. அது காளிமுத்துவின் ஒன்றரை மாதச் சம்பளம்.

வாத்தியார் நல்ல மனுஷர், மறைக்கவில்லை. லென்ஸை ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டி, "ஓரத்துல பாருங்க, ஒரு புள்ளி பூஞ்சை இருக்கு. படத்துல தெரியாது. நான் மூணு வருஷமா இதுலதான் எடுக்கிறேன்," என்று சொல்லி, தான் எடுத்த படங்களையும் பரப்பி வைத்தார். படங்கள் கண்ணாடி மாதிரி இருந்தன. காளிமுத்துவின் கண் அந்தப் புள்ளியை விட்டு நகரவில்லை. கடுகு அளவுதான். அதற்குள் அவன் மனசில், துரையின் லென்ஸில் பார்த்த வேரெல்லாம் அங்கேயும் கிளைவிட ஆரம்பித்துவிட்டது.

"இன்னைக்குக் கடுகு சார். நாளைக்கு?"

"வெயில் படற மாதிரி எடுத்து எடுத்துப் பொழங்கினா அது அப்படியேதான் நிக்கும். பூட்டி வச்சாத்தான் பரவும். புதுசு வாங்கினாலும் அதே கததான் காளிமுத்து. பொழங்குற பொருள் கெடாது."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டான். மூன்று வாரம் யோசித்தான். டிரையருக்கு முன்னால் நின்று யோசித்தான், சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தான். பழசை வாங்கினால் இந்த ஞாயிற்றுக்கிழமையே படம் எடுக்கலாம். புதுசென்றால் தீபாவளிப் போனஸ் வந்து, ஓவர்டைமும் செய்து, வீட்டில் துணிமணி எடுக்காமல் இருந்தால்தான் நடக்கும்.

"வாத்தியார்கிட்டயே வாங்கிடுங்க," என்றாள் நீலாவதி. "நீங்க அண்ணியப் படம் புடிக்கப் போறீங்களா, அந்தக் கடுகுப் புள்ளியப் புடிக்கப் போறீங்களா?"

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அவனுக்கும் அது தெரியும். கிட்டத்தட்ட வாத்தியாரிடமே வாங்குவதென்று முடிவும் பண்ணிவிட்டான். அந்தச் சமயத்தில் ஒரு நாள் அக்கா வீட்டுக்குள் போனான். தங்கம்மா பயணத்துக்காகத் தகரப் பெட்டியில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தாள். மேலே ஒரு அரக்குச் சேலை மடித்து வைத்திருந்தது. முந்தானையில் இரண்டு இடத்தில் இழையோட்டித் தைத்திருந்தது.

"போட்டோவுக்கு இதத்தான் கட்டிக்கப் போறேன்," என்றாள். "கிராணியம்மா குடுத்தது. தையல உள்பக்கமா மடிச்சுக்கிட்டா தெரியாதுல்ல?"

பிறந்ததிலிருந்து இவள் அடுத்தவர் கழித்ததையே கட்டிக்கொண்டு நிற்கிறாள். கடைசியாக ஒன்று கேட்டிருக்கிறாள், அதையும் அடுத்தவர் கழித்த லென்ஸிலா எடுத்துக் கொடுப்பது? புதுசுதான். அக்காவுக்குப் புதுசுதான். அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. போனஸ் வந்ததும் அக்காவுக்கு ஒரு நீலச் சேலையும் வாங்கினான், ஈப்போவுக்கு பஸ் ஏறிப் போய்ப் புது லென்ஸும் வாங்கினான். வாத்தியார் பழசை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டுத் தைப்பிங்குக்குப் போய்விட்டார்.

லென்ஸ் வந்தது கார்த்திகையில். மலையில் அது மழைக்காலம். காலையில் மூடுகிற பனி மத்தியானம்வரை விலகாது. "இப்ப எடுத்தா எல்லாம் புகைஞ்சு போயிடும். வெயில் வரட்டும்," என்றான். அக்காவும் அவசரப்படவில்லை. "இப்பவே எடுத்தா இப்பவே கெளம்பிட்ட மாதிரி இருக்கும்டா. கடைசியா எடுத்துக்கலாம்," என்றாள். ஆக, நான்கு மாதம் அந்த லென்ஸைக் காப்பாற்றியாக வேண்டும்.

எப்படிக் காப்பாற்றினான் என்பதைச் சொன்னால் சிரிப்பு வரும். அப்புறம் சிரித்ததற்காக வருத்தமும் வரும். அவன் டிரையர்காரன். பச்சைக் கொழுந்து வாடி, அரைபட்டு, புளித்து, கடைசியில் அவன் கைக்குத்தான் வரும். சூட்டில் ஈரம் அத்தனையும் போனால்தான் தேயிலை. கொஞ்சம் ஈரம் தங்கினாலும் பெட்டிக்குள்ளேயே பூஞ்சை பிடித்து, பெரிய துரை அவன் தோலை உரித்துவிடுவார். பத்து வருஷமாக அவன் படித்த ஒரே பாடம் இதுதான்: ஈரம் போனால் எதுவும் கெடாது. தேயிலைக்குச் சரியாக இருப்பது லென்ஸுக்கும் சரியாகத்தானே இருக்க வேண்டும்?

லென்ஸைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, பால்மாவு டின்னில் வைத்து, டிரையருக்கு வெந்நீராவி போகிற குழாய்க்குப் பக்கத்துத் திண்டில் வைத்துவிட்டான். மலை முழுவதிலும் இரவு பகல் சூடாக இருக்கிற ஒரே இடம் அதுதான். வேலைக்கு வந்ததும் டின்னைத் தொட்டுப் பார்ப்பான். வெதுவெதுப்பாக இருக்கும். மனசு குளிர்ந்துபோகும். வாரத்துக்கு ஒரு முறை துணியைப் பிரித்து, உள்ளே தூக்கிப் பார்ப்பான். ஒரு புள்ளி பூஞ்சை கிடையாது. பேக்டரியில் எல்லோரிடமும் அதைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டான்.

"ஒரு பிலிம் சுருள் போட்டு எடுத்துத்தான் பாருங்களேன்," என்றாள் நீலாவதி.

"முதப் படம் அக்காதான். அதுவரைக்கும் அத யாரும் தொடக் கூடாது."

இந்த இடத்தில் அவனைப் பிடித்து நாலு உலுக்கு உலுக்க வேண்டும் போலிருக்கிறது. ஆனால் உலுக்குகிற தூரத்தில் யாரும் இல்லை. இருந்த ஒருத்தியின் பேச்சையும் அவன் கேட்கவில்லை.

பங்குனியில் அக்கா கிளம்புகிற வாரத்து ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்குப் பனி விலகி, தேயிலை மேல் வெயில் பளிச்சென்று விழுந்தது. லயத்து வாசலில் எல்லோரையும் நிற்க வைத்தான். நடுவில் நீலச் சேலையில் தங்கம்மா, இடப்பக்கம் கருப்பையா, வலப்பக்கம் நீலாவதி, முன்னால் பத்து வயது ஜெயா. அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் தாங்களாகவே வந்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். காளிமுத்து வெளிச்சக் கருவியை அக்காவின் தோள்பக்கம் கொண்டுபோய் முள்ளைப் பார்த்தான். வேகம் நூற்றிருபத்தைந்து, துவாரம் பதினொன்று. பன்னிரண்டு அடி தள்ளி நின்றான். கண்ணை வைத்துப் பார்த்தபோது எல்லாம் அவ்வளவு சுத்தமாகத் தெரிந்தது. சேலைக் கரையில் இருந்த சரிகை இழைகூட. புதுசு புதுசுதான் என்று நினைத்துக்கொண்டான்.

"மாமா, தலைய ஆட்டாதீங்க. ஜெயா, கைய எறக்கு. அக்கா, அசையாத."

சுருள் முழுவதும் அன்றே எடுத்துத் தீர்த்தான். எல்லோரும் சேர்ந்து, அக்காவும் மாமாவும், அக்காவும் ஜெயாவும், அக்கா மட்டும் தனியாக. ஒவ்வொன்றுக்கும் முள்ளைப் பார்த்தான், எண்ணைச் சரிபார்த்தான், தூரத்தைச் சரிபார்த்தான். ஒரு தப்பும் விட்டுவிடக் கூடாது என்பதிலேயே அவன் கவனமெல்லாம் இருந்தது.

புதன்கிழமை தாப்பா ரோடு ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டான். அங்கிருந்து பினாங்கு, அப்புறம் கப்பல். தங்கம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் அழவில்லை, அவனுக்கு ஒரு தைரியம் இருந்தது. "நீ ஊருக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள போட்டோ உன் வீட்டுக்கு வந்து நிக்கும் பாரு," என்றான். ரயில் கிளம்பும்வரை அதையே மூன்று முறை சொன்னான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்குப் போனான். கடையின் சீன முதலாளி, தவுக்கே, சுருளைக் கழுவி, காய வைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவனிடம் நீட்டினார். சுருள் முழுவதும் கரியாக இருந்தது. ஒரு படம் அல்ல, இரண்டு படம் அல்ல, அத்தனையும். தவுக்கே லென்ஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் பின்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த சின்ன ஊசியை விரலால் அழுத்தினார், உள்ளே ஒன்றும் அசையவில்லை.

"எங்க வச்சிருந்த இத?" என்று மலாயில் கேட்டார்.

காளிமுத்து சொன்னான். தவுக்கே தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடப்பாவி, லென்ஸ் என்ன தேயிலையாலா, சூட்டுல வைக்க?"

அவர் விளக்கியது இதுதான். லென்ஸுக்குள்ளே காகிதத்தைவிட மெல்லிய தகடுகள் இருக்கின்றன. பொத்தானை அழுத்தியதும் அவை சுருங்கி, வேண்டிய அளவு வெளிச்சத்தை மட்டும் உள்ளே விட வேண்டும். நான்கு மாதச் சூட்டில் உள்ளிருந்த கிரீஸ் உருகி அந்தத் தகடுகளில் இறங்கி, அவை ஒட்டிக்கொண்டுவிட்டன. சுருங்கவே இல்லை. வெளிச்சம் அத்தனையும் உள்ளே பாய்ந்து பிலிமைத் தீய்த்துவிட்டது. கண்ணை வைத்துப் பார்க்கும்போது தகடுகள் எப்போதும் திறந்துதான் இருக்கும். அதனால் பார்க்கிறவனுக்கு ஒன்றுமே தெரியாது. ஒரே ஒரு சுருள் முன்னாலேயே எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

தவுக்கே தகடுகளைத் துடைத்துச் சரிசெய்து கொடுத்தார். கூலி வாங்கவில்லை. பஸ் மலையேறும்போது காளிமுத்து முன் சீட்டில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதுகொண்டே வந்தான். கப்பல் அப்போது நடுக்கடலில் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஜெயாவின் கையெழுத்தில் அக்காவின் முதல் கடிதம் வந்தது. நல்லபடியாக வந்து சேர்ந்தோம், வெயில் தாங்கவில்லை, போட்டோ இன்னும் வரவில்லையே தம்பி என்று இருந்தது. உண்மையைச் சொல்ல அப்போதே ஒரு வரி போதும். அவன் எழுதினான்: போட்டோ அனுப்பிவிட்டேன், தபாலில் எங்கேயோ சுற்றுகிறது போல, வந்துவிடும்.

"ஏங்க இப்படி எழுதுறீங்க? நடந்தத எழுதுங்க. அண்ணி உங்களத் திட்டவா போறாங்க?" என்றாள் நீலாவதி.

"திட்டினா பரவால்ல நீலா. சரி போடா, அதனால என்னன்னு சொல்லிடும். அதத்தான் என்னால தாங்க முடியாது."

அடுத்த கடிதத்தில் அக்கா தபால்காரனோடு சண்டை போட்டதை எழுதியிருந்தாள். அதற்கடுத்ததில் இன்னொரு பிரதி எடுத்து அனுப்பு என்று இருந்தது. அனுப்புகிறேன் என்று எழுதினான். நேரில் போய்விட வேண்டும், புதிதாகப் படம் எடுத்துக் கையில் கொடுத்து, காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று திட்டம் போட்டான். அந்த வருஷம் நீலாவதி முழுகாமல் இருந்தாள். அடுத்த வருஷம் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. அப்புறம் இரண்டாவது பிள்ளை. டிக்கெட்டுக்கு எடுத்து வைத்தது ஒவ்வொரு தடவையும் வேறு ஒன்றுக்குப் போனது. நான்காம் வருஷத்துக்கு மேல் அக்கா கடிதங்களில் போட்டோவைப் பற்றிக் கேட்பது நின்றது. மறந்துவிட்டாள் என்று நினைத்தான். வெட்கக்கேடுதான், ஆனால் அவனுக்கு அப்போது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு அவர்கள் ஊரில் வெள்ளம் வந்து, குடிசையோடு தகரப் பெட்டியும் பாஸ்போர்ட்டும் போய்விட்டதாக ஒரு கடிதம் வந்தது. அதிலும் போட்டோ பற்றிப் பேச்சில்லை.

இதற்கிடையில் அதே லென்ஸ் ஊருக்கெல்லாம் உழைத்தது. தோட்டத்தில் எந்தக் கல்யாணம், எந்தக் காதுகுத்து என்றாலும் காளிமுத்துதான். கோலா தெர்லா, கம்போங் ராஜா என்று முட்டைக்கோஸ் லாரிகளில் தொற்றிக்கொண்டு போய்ப் படம் எடுத்துக் கொடுத்தான். நன்றாகத்தான் எடுத்தான். லென்ஸைச் சமையலறை மேசையில் சும்மா போட்டு வைத்திருந்தான். அதில் பூஞ்சை பிடிக்கவே இல்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம் மாசியில் ஜெயாவின் கடிதம் வந்தது. அவள் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

"அன்புள்ள மாமாவுக்கு, அம்மா போன வெள்ளிக்கிழமை விடியற்காலையில் தவறிவிட்டார்கள். நாலு நாள் காய்ச்சல்தான். உங்களுக்குத் தந்தி கொடுத்தாலும் வர முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். மாமா, சுவரில் மாட்ட அம்மாவின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. இருந்ததெல்லாம் வெள்ளத்தில் போய்விட்டது. நீங்கள் எடுத்த போட்டோ மட்டும்தான் இருக்கிறது. அதை உங்களிடம் கேட்கக் கூடாது என்று அம்மா எங்களைத் தடுத்து வைத்திருந்தார்கள். தபாலில் ஒன்றும் தொலையவில்லை, தம்பிக்கு அதைப் பிரிய மனசு வரவில்லை, நச்சரித்தால் எனக்காக அனுப்பிவிட்டு அவன் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்பார்கள். வருகிறவர்களிடமெல்லாம், நான் இங்கே கிடந்தாலும் மலேசியாவில் என் தம்பி வீட்டுச் சுவரில் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிச் சிரிப்பார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் மாமா. முதல் திதிக்கு முன்னால் அதை அனுப்பி வையுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு உங்கள் படத்தைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடுகிறோம்."

காளிமுத்து கடிதத்தைப் பிடித்துக்கொண்டு நடுவீட்டில் உட்கார்ந்துவிட்டான். செத்த செய்திக்கு வந்த அழுகையைவிட, பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடுகிறோம் என்ற வரிக்குத்தான் அவன் ஓவென்று கத்தி அழுதான். பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள். அக்கா இருந்த வீட்டில் இப்போது வேறு குடும்பம்.

பதினோரு வருஷமாகச் சோப்பு டப்பாவில் கிடந்த கரிச் சுருளை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போனான். தவுக்கேக்கு வயதாகிவிட்டது, ஆனால் அவனை மறக்கவில்லை. இருட்டறைக்குள் போய் வெகுநேரம் என்னென்னவோ செய்து பார்த்தார். கடைசியில் ஈரக் காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். சாம்பல் நிறத்தில் ஐந்தாறு உருவங்கள் தெரிந்தன. உயரத்தை வைத்து இது கருப்பையா மாமா, இது ஜெயா என்று சொல்லலாம். முகம் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் வெளுப்பு.

"இதுக்கு மேல முடியாதுலா," என்றார் தவுக்கே.

அன்று சாயங்காலம் காளிமுத்து பேனாவை எடுத்தான். இந்த முறை ஒன்றையும் மறைக்கவில்லை. பால்மாவு டின், டிரையர், கரியான சுருள், தபாலில் போட்டதாகச் சொன்ன பொய், எல்லாவற்றையும் எழுதினான். என்னிடம் போட்டோ இல்லை ஜெயா, எப்போதும் இருந்ததில்லை, என் வீட்டுச் சுவரில் உன் அம்மா ஒரு நாளும் இருந்ததில்லை என்று எழுதினான். எழுதி முடித்த பிறகும் மனசு ஆறவில்லை. படம்தான் இல்லை, படத்தில் இருந்திருக்க வேண்டியதையாவது அந்தப் பெண்ணுக்குச் சொல்லலாமே என்று தோன்றியது. உன் அம்மா அன்றைக்கு எப்படி இருந்தாள் என்றால், என்று ஆரம்பித்தான்.

பேனா அங்கேயே நின்றது. சேலை நீலம். கரையில் சரிகை. நூற்றிருபத்தைந்து, பதினொன்று, பன்னிரண்டு அடி. முள் எங்கே நின்றதென்றுகூட அவனால் சொல்ல முடிந்தது. அக்காவின் முகத்தை அந்தக் கண்ணாடி வழியாக அரை மணி நேரம் பார்த்திருக்கிறான். ஆனால் விளிம்பு தெளிவாக இருக்கிறதா, தலை நேராக இருக்கிறதா, நிழல் விழுகிறதா என்றுதான் பார்த்திருக்கிறான். அந்த முகம் சிரித்ததா, கண் கலங்கியிருந்ததா, ஒன்றும் அவனுக்கு நினைவில்லை. எத்தனை முறை கண்ணை மூடினாலும் முள்தான் வந்தது.

"நீலா," என்று கூப்பிட்டான். "அன்னைக்கு அக்கா சிரிச்சுச்சா?"

அரிசி களைந்துகொண்டிருந்த நீலாவதி கையை நிறுத்தினாள்.

"எனக்கு எப்படிங்க தெரியும்? நானும் அண்ணி பக்கத்துலதானே நின்னேன். நாங்க எல்லாரும் நேரா உங்களைப் பாத்துக்கிட்டுல்ல நின்னோம். அண்ணி மூஞ்சியப் பாத்தது நீங்க ஒருத்தர்தான்."

அவன் அந்தக் கடைசி வரியை அடித்துவிட்டு, கீழே பெயரை எழுதினான். மறுநாள் வேலை முடிந்து தானா ராத்தாவுக்குப் போய்க் கடிதத்தைத் தபாலில் போட்டான். அதில் அக்காவின் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.